ஒல்லியா இருந்தும் சுகர் வருவது ஏன்? ஒரே மரபணு, பல பாதிப்பு: விடை தேடும் புதிய கணக்கு

அலுவலகத்தில் வருடாந்திர ஹெல்த் செக்கப். வயது 31. ஒல்லியான உடம்பு, கல்லூரிக் காலத்து பேன்ட் இன்னும் சரியாக இருக்கிறது. ஆனால் ரிப்போர்ட்டில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1. அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ட்ரைகிளிசரைடு அதிகம், 'நல்ல கொழுப்பு' என்று சொல்லப்படும் எச்டிஎல் குறைவு. "நான் குண்டா கூட இல்லையே, எனக்கு எப்படி?" என்பதுதான் வாயில் வரும் முதல் கேள்வி.

இப்படிக் கேட்பவர்கள் நம் ஊரில் ஏராளம். சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் ஐசிஎம்ஆருடன் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடி பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது அந்த ஆய்வு.

இந்தக் கேள்விக்கான விடை பாதி மருத்துவத்திலும், பாதி கணக்கிலும் இருக்கிறது. ரிப்போர்ட்டில் தனித்தனி வரியாகத் தெரியும் எடை, சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் உடம்புக்குள் தனித்தனியாக இல்லை. பல இடங்களில் ஒரே மரபணு இவற்றில் மூன்று நான்கைச் சேர்த்து அசைக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் புள்ளியியல் முறைகள் கடந்த 15 ஆண்டுகளில் பெரிய அளவில் மாறியிருக்கின்றன. எந்த மருந்து வேலை செய்யும், எது செய்யாது என்பதைக்கூட இப்போது இந்தக் கணக்கு முன்கூட்டியே சொல்கிறது.

எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரே பிஎம்ஐ, இரண்டு உடம்பு

2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனேவைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யூட்கின் இருவரும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றுதான்: 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பின் அளவு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்.

பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. தெற்காசியர்களிடம் அதிகம் காணப்படும் இந்த உடல்வாகு அன்றிலிருந்து மருத்துவ உலகில் பிரபலமானது. எடையை மட்டும் வைத்து ஒருவரின் சர்க்கரை அபாயத்தைச் சொல்ல முடியாது என்பது புரிந்தது. அப்படியானால் எடை, கொழுப்பு தங்கும் இடம், சர்க்கரை ஆகிய மூன்றையும் மரபணுக்கள் எப்படி இணைக்கின்றன? அதுதான் அடுத்த கேள்வி.

மரபணு ஆய்வு எப்படி நடக்கிறது?

நம் மரபுத்தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் ஆளுக்கு ஆள் மாறுபடும் இடங்கள் பல லட்சம். ஆயிரக்கணக்கானவர்களின் ரத்த மாதிரியை எடுத்து, இந்த இடங்களில் ஒவ்வொன்றாக, "இந்த எழுத்து இருப்பவர்களுக்கு சர்க்கரை நோய் சற்று அதிகமாக இருக்கிறதா?" என்று கேட்பதுதான் ஜீவாஸ் எனப்படும் முழு மரபுத்தொகுதி ஆய்வு. 2005-ல் வயதானோருக்கு வரும் விழித்திரை நோயில் இதன் முதல் பெரிய வெற்றி கிடைத்தது. 2007-ல் பிரிட்டனில் 7 நோய்களை ஒரே நேரத்தில் ஆராய்ந்தார்கள். அதன்பின் இது வெள்ளமாகப் பெருகியது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 10 லட்சம் கேள்வி கேட்டால், சிலவற்றுக்குத் தற்செயலாகவே 'ஆமாம்' என்று பதில் வரும். லாட்டரியில் யாருக்காவது பரிசு விழுவது மாதிரி. அதனால் தற்செயலாக நடக்க 2 கோடியில் ஒரு வாய்ப்புக்கும் குறைவாக இருந்தால்தான் நம்புவது என்று கடுமையான கோடு போட்டிருக்கிறார்கள்.

இந்தக் கோடு பொய்யான முடிவுகளைத் தடுக்கிறது. கூடவே உண்மையான, ஆனால் மெல்லிய சமிக்ஞைகளையும் வடிகட்டிவிடுகிறது. ஒரு மரபணு எடையைக் கொஞ்சம், கொழுப்பைக் கொஞ்சம், சர்க்கரையைக் கொஞ்சம் மாற்றினால், ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பார்க்கும்போது அது கோட்டைத் தாண்டாது. மூன்று பரீட்சையிலும் 34 மார்க் எடுத்து ஃபெயில் ஆகும் மாணவன் மாதிரி.

எஃப்டிஓ சொன்ன பாடம்

2007-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் சர்க்கரை நோய்க்கான மரபணுவைத் தேடினார்கள். எஃப்டிஓ என்ற மரபணுப் பகுதி பலமாக மாட்டியது. ஆனால் ஒவ்வொருவரின் பிஎம்ஐயையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, சர்க்கரையுடன் இருந்த தொடர்பு காணாமல் போனது. அந்த மாறுபாடு உண்மையில் எடையைத்தான் கூட்டியிருக்கிறது. எடை கூடியதால் சர்க்கரை வந்திருக்கிறது. அந்த மாறுபாட்டின் இரண்டு பிரதியும் உள்ளவர்கள், ஒன்றுமே இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ அதிகம் இருந்தார்கள்.

கதை இங்கே முடியவில்லை. யாஜ்னிக் உள்ளிட்ட குழுவினர் புனே, மைசூர் பகுதி மக்களிடம் இதையே 2009-ல் ஆராய்ந்தார்கள். இந்தியர்களிடமும் எஃப்டிஓ-சர்க்கரை தொடர்பு இருந்தது. ஆனால் பிஎம்ஐயைக் கணக்கில் சேர்த்த பிறகும் அது முழுதாக மறையவில்லை. அதாவது அதே மாறுபாடு நம் மக்களிடம் எடையைத் தாண்டிய வழியிலும் சர்க்கரையைத் தொடுவதாகத் தெரிந்தது.

இன்னொரு திருப்பமும் உண்டு. இந்த மாறுபாடு எஃப்டிஓ மரபணுவுக்குள் உட்கார்ந்திருந்தாலும், அது இயக்குவது தள்ளியிருக்கும் ஐஆர்எக்ஸ்3, ஐஆர்எக்ஸ்5 என்ற வேறு இரு மரபணுக்களை என்று 2014, 2015-ல் வந்த ஆய்வுகள் காட்டின. சுவிட்ச் ஒரு ரூமில், ஃபேன் பக்கத்து ரூமில்.

ஒரே மாறுபாடு, பல பாதிப்பு: மூன்று வழிகள்

ஒரு மாறுபாடு இரண்டு குணங்களுடன் தொடர்பு காட்டினால், அதற்கு மூன்று காரணம் இருக்கலாம்.

ஒன்று, சங்கிலி. மரபணு எடையைக் கூட்டுகிறது, எடை சர்க்கரையைக் கூட்டுகிறது. ஐரோப்பியர்களிடம் எஃப்டிஓ இப்படித்தான். இங்கே எடையைக் குறைத்தால் சர்க்கரையும் குறையும்.

இரண்டு, கிளை. மரபணு ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது சரியாகாது.

மூன்று, பக்கத்து வீடு. அருகருகே உள்ள எழுத்துகள் கூட்டமாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். அதில் ஒன்று சர்க்கரையையும், பக்கத்தில் இருப்பது கொழுப்பையும் தொடலாம். நமக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஒரே தெருவில் இருப்பதாலேயே ஒரே குடும்பம் என்று நினைப்பது மாதிரி.

எந்த வழி என்று தெரியாமல் மருந்து தயாரிக்க இறங்கினால் பல ஆயிரம் கோடி வீண். அது நடந்தும் இருக்கிறது. பின்னால் பார்ப்போம்.

சேர்த்துப் பார்த்தால் என்ன கிடைக்கும்?

கரண்ட் பில்லை வைத்து யோசிப்போம். ஏசி அதிகம் ஓடினால் பில் ஏறும். இது எல்லா வீட்டிலும் நடப்பது. ஒரு வீட்டில் பில் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் என்றால் யாரும் கவனிக்க மாட்டோம். இன்னொரு வீட்டில் ஏசி கொஞ்சம் குறைவாக ஓடியது, அதையும் கவனிக்க மாட்டோம். ஆனால் ஒரே வீட்டில் ஏசி குறைவாக ஓடியும் பில் ஏறியிருந்தால்? உடனே மீட்டரைப் பார்க்கத் தோன்றும்.

பல குணங்களைச் சேர்த்துச் சோதிக்கும் முறைகளின் அடிப்படை இதுதான். வழக்கமாக இரண்டு குணங்கள் சேர்ந்தே ஏறி இறங்கும் என்பது தெரிந்திருந்தால், அதற்கு எதிராகப் போகும் ஒரு மாறுபாடு பளிச்சென்று தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் அது கூட்டத்தில் கரைந்துபோயிருக்கும்.

இதற்கு நிஜ உதாரணம் ஐஆர்எஸ்1 என்ற மரபணுவின் அருகில் இருக்கிறது. 2011-ல் வெளியான ஆய்வில், அங்குள்ள ஒரு மாறுபாடு உடல் கொழுப்பைக் குறைப்பது தெரிந்தது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அதே மாறுபாடு ட்ரைகிளிசரைடைக் கூட்டியது, எச்டிஎல்லைக் குறைத்தது, சர்க்கரை நோய் அபாயத்தை ஏற்றியது. ஆண்களிடம் அது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை மட்டும் குறைத்தது. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு குறையவில்லை.

இப்போது தொடக்கத்தில் பார்த்த ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டை நினைத்துப் பாருங்கள். ஒல்லி, ட்ரைகிளிசரைடு அதிகம், எச்டிஎல் குறைவு, சர்க்கரை எல்லையில். அதே கோலம்தான். தோலுக்கு அடியில் கொழுப்பைச் சேமிக்கும் இடம் குறைவாக இருந்தால், மிச்சம் கல்லீரலுக்கும் வயிற்றுக்குள்ளும் போய்ச் சேர்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

லட்சக்கணக்கானவர்களின் தகவலை எப்படிச் சேர்க்கிறார்கள்?

ஒருவரின் மரபணுத் தகவலை நாடு விட்டு நாடு அனுப்புவது சட்டப்படியும் நெறிப்படியும் கடினம். அதனால் ஆய்வாளர்கள் சுருக்க முடிவுகளை மட்டும் பகிர்கிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் 'எவ்வளவு விளைவு, எவ்வளவு பிழை' என்ற ஒரு வரி. தனி மனிதர் யாரென்று அதில் இருக்காது. இந்தச் சுருக்கங்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் முறைகள் வந்ததுதான் இந்தத் துறையின் பெரிய மாற்றம்.

2015-ல் வந்த ஒரு முறை இரண்டு நோய்களின் சுருக்கத்தை எடுத்து, மரபுத்தொகுதி முழுக்க இரண்டும் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று அளக்கிறது. ஒரு நோய்க்கு ஆயிரக்கணக்கான மாறுபாடுகள் காரணமென்றால், அதிக 'அக்கம்பக்கத்தினர்' உள்ள எழுத்துகளில் சமிக்ஞை அதிகமாக இருக்க வேண்டும். மாதிரி எடுத்ததில் உள்ள கோளாறால் வரும் போலிச் சமிக்ஞைக்கு அந்த ஒழுங்கு இருக்காது. இந்த வித்தியாசத்தை வைத்தே நிஜத்தையும் போலியையும் பிரிக்கிறார்கள். அந்த ஆண்டே 24 குணங்களை எடுத்து, அவற்றுக்கு இடையிலான 276 மரபணு உறவுகளின் வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள்.

2018-ல் எம்டேக் என்ற முறை வந்தது. மனச்சோர்வு அறிகுறி, அதிகமாகப் பதற்றப்படும் சுபாவம், வாழ்க்கை பற்றிய மனநிறைவு ஆகிய மூன்றும் மரபணு அளவில் நெருங்கியவை. தனித்தனியாகத் தேடியபோது முறையே 32, 9, 13 இடங்கள் கிடைத்தன. மூன்றையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக வைத்துத் தேடியபோது 64, 37, 49 ஆனது. புதிதாக ஒருவரிடமும் ரத்தம் எடுக்கவில்லை. இருந்த தகவலையே சேர்த்துப் படித்ததில் கிடைத்தது இது.

மனநல மருத்துவத்தில் இதன் தாக்கம் அதிகம். 2019-ல் 8 மனநல நோய்களைச் சேர்த்துப் பார்த்த சர்வதேச ஆய்வில், 109 மரபணு இடங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்களுடன் தொடர்பு காட்டின. மருத்துவப் புத்தகத்தில் தனித்தனி அத்தியாயமாக இருக்கும் நோய்கள், மரபணுவில் அப்படிப் பிரிந்திருக்கவில்லை.

சர்க்கரை நோய் ஒன்றல்ல, பல

இந்த முறைகள் சர்க்கரை நோய்க்கு என்ன செய்தன? 2018-ல் ஒரு குழு, சர்க்கரை நோயுடன் தொடர்புள்ள 94 மரபணு இடங்களை எடுத்தது. ஒவ்வொன்றும் எடை, இடுப்பளவு, இன்சுலின், கொழுப்பு என 47 குணங்களை எப்படி மாற்றுகிறது என்று பெரிய அட்டவணை போட்டது. பிறகு ஒரே மாதிரி நடந்துகொள்பவற்றை ஒன்றாகச் சேர்க்கும்படி கணினியிடம் விட்டது. ஐந்து கூட்டம் கிடைத்தது.

இரண்டு கூட்டங்கள் கணையம் இன்சுலின் சுரப்பது தொடர்பானவை. மற்ற மூன்று, இன்சுலின் சுரந்தும் உடம்பு கேட்காத நிலை தொடர்பானவை: உடல் பருமன் வழி, கொழுப்பு தப்பான இடத்தில் தங்கும் வழி, கல்லீரல் வழி. 'டைப் 2' என்ற ஒரே பெயருக்குள் இத்தனை பாதைகள்.

2024-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இதைப் பல மடங்கு பெரிதாக்கியது. 25 லட்சத்துக்கும் அதிகமானவர்கள், அதில் 4.28 லட்சம் பேர் சர்க்கரை நோயாளிகள். பங்கேற்றவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளி அல்லாதவர்கள். 1,289 சமிக்ஞைகள் 8 கூட்டங்களாகப் பிரிந்தன.

நமக்கு நெருக்கமான விடை லண்டனிலிருந்து வந்தது. பிரிட்டனில் வாழும் வங்கதேச, பாகிஸ்தான் வம்சாவளியினர் பங்கேற்கும் 'ஜீன்ஸ் அண்ட் ஹெல்த்' என்ற பெரிய ஆய்வு அங்கே நடக்கிறது. அதன் தகவலை வைத்து 2025-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஒவ்வொருவருக்கும் மொத்தமாக ஒரு மரபணு ஸ்கோர் கொடுக்காமல், மேலே சொன்ன ஒவ்வொரு பாதைக்கும் தனி ஸ்கோர் கொடுத்தார்கள்.

இன்சுலின் சுரப்புக் குறைபாடு, கொழுப்பு தப்பான இடத்தில் தங்குவது ஆகிய இரண்டு பாதைகளின் சுமை அதிகமாக இருப்பவர்களுக்கு நோய் இளம் வயதிலேயே வந்தது. இரண்டும் சேர்ந்து அதிகம் உள்ளவர்களுக்குச் சராசரியாக 8 ஆண்டு முன்னதாக, அதுவும் குறைந்த பிஎம்ஐயிலேயே வந்தது. இன்சுலின் ஊசி தேவைப்படும் நிலைக்கும் அவர்கள் சீக்கிரம் போனார்கள்.

"நான் குண்டா கூட இல்லையே" என்பவருக்கு இதைவிட நேரடியான பதில் இல்லை. உங்கள் சர்க்கரை எடை வழியாக வராமலும் இருக்கலாம்.

மருந்து வேலை செய்யுமா? மரபணு சொல்லும்

தொடர்பு இருக்கிறது என்பது வேறு, காரணம் என்பது வேறு. இதைப் பிரிக்க ஒரு கெட்டிக்காரத்தனமான வழி இருக்கிறது.

பெற்றோரிடமிருந்து எந்த எழுத்து வரும் என்பது கருத்தரிக்கும்போதே குலுக்கிப் போட்ட சீட்டு. அதற்குப் பிறகுதான் சாப்பாடு, சம்பளம், சிகரெட், ஜிம் எல்லாம். ஆகவே பிறவியிலேயே எல்டிஎல் குறைவாக இருக்கும்படி சீட்டு விழுந்தவர்களையும் அப்படி விழாதவர்களையும் ஒப்பிட்டால், இயற்கையே நடத்திய மருந்துப் பரிசோதனை மாதிரி ஆகிவிடும். மரபியலின் தந்தை மெண்டலின் பெயரில்தான் இந்த முறை அழைக்கப்படுகிறது.

2006-ல் அமெரிக்காவில் பிசிஎஸ்கே9 என்ற மரபணுவை இப்படிப் பார்த்தார்கள். அந்த மரபணு செயலிழந்த கறுப்பின மக்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு. மாரடைப்பு உள்ளிட்ட இதயநோய் 88 சதவீதம் குறைவு. பிறந்ததிலிருந்தே குறைவாக இருப்பதன் பலன் அவ்வளவு பெரிது. 2015-ல் அந்தப் புரதத்தை முடக்கும் ஊசி மருந்துகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

எச்டிஎல் கதை நேர்மாறு. எச்டிஎல் அதிகமுள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். அதைக் கூட்ட மருந்து நிறுவனங்கள் போட்டி போட்டன. டார்செட்ராபிப் என்ற மருந்தில் மரணங்கள் கூடியதால் 2006 டிசம்பரில் சோதனை நிறுத்தப்பட்டது. 2012-ல் டால்செட்ராபிப், 2015-ல் எவாசெட்ராபிப். மூன்றுமே எச்டிஎல்லைக் கூட்டின, மாரடைப்பைத் தடுக்கவில்லை.

2012-ல் 'லான்செட்' இதழில் வந்த மரபணு ஆய்வு காரணத்தைச் சொன்னது. பிறவியிலேயே எச்டிஎல் மட்டும் அதிகமாக இருக்கச் செய்யும் ஒரு மாறுபாடு உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். கொஞ்சமும் குறையவில்லை. எச்டிஎல்லை மாற்றும் பல மரபணுக்கள் ட்ரைகிளிசரைடையும் எல்டிஎல்லையும் சேர்த்தே மாற்றுகின்றன. மூன்றையும் ஒரே சமன்பாட்டில் வைத்துப் பிரித்தால், குற்றவாளி மற்ற இரண்டு பக்கம் இருப்பது தெரிகிறது. 2017-ல் இதே வகையைச் சேர்ந்த நான்காவது மருந்து சற்றே பலன் தந்தபோதும், அது கெட்ட கொழுப்பைக் குறைத்த அளவுக்கே ஒத்துப்போனது.

பக்கவிளைவையும் இதே கணக்கு காட்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை, சிலருக்குச் சர்க்கரை அபாயத்தைச் சற்றே கூட்டுகிறது. ஸ்டேடின் தாக்கும் அதே மரபணுவின் மாறுபாடுகளும் எல்டிஎல்லைக் குறைத்து, எடையையும் சர்க்கரை அபாயத்தையும் கொஞ்சம் ஏற்றுகின்றன என்று 2015-ல் காட்டினார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். தேவையுள்ளவர்களுக்கு இதயத்துக்குக் கிடைக்கும் பலன் அந்த அபாயத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

கணக்கு எங்கே தப்பும்?

முதல் பொறி, கல்யாணம். ஆச்சரியமாக இருக்கிறதா? மேட்ரிமோனி விளம்பரத்தில் என்ன கேட்கிறோம்? உயரம், படிப்பு, வேலை. உயரமானவர்களும் நன்றாகப் படித்தவர்களும் தலைமுறைகளாக ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுத்தால், அவர்கள் பிள்ளைகளுக்கு உயரத்துக்கான எழுத்துகளும் படிப்புடன் தொடர்புள்ள எழுத்துகளும் சேர்ந்தே போகும். உயிரியல் ரீதியாக இரண்டுக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், கணக்கில் 'மரபணு உறவு' என்று வரும். இப்படிப்பட்ட ஜோடி சேர்தல் பரவலாக இருக்கிறது, மரபணு உறவுகளை அது மிகைப்படுத்துகிறது என்று 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு எச்சரித்தது. பல குணங்களைச் சேர்த்துப் பார்த்து இதுவரை வந்த முடிவுகளில் சிலவற்றை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, கடன் வாங்கிய நம்பிக்கை. எம்டேக் மாதிரியான முறைகள் ஒரு குணத்தின் பலத்தை இன்னொன்றுக்கு இரவல் தருகின்றன. மரபுத்தொகுதி முழுக்க உறவு ஒரே மாதிரி இருக்கிறது என்பது அதன் அனுமானம். ஒரு இடம் மனச்சோர்வை மட்டும் தொட்டு மற்றதைத் தொடாமல் இருந்தால், தொட்டதாகப் பொய்க்கணக்கு வரும்.

மூன்றாவது, கிளைவழி. மேலே சொன்ன 'இயற்கைச் சோதனை' சரியாக வர வேண்டுமானால், அந்த எழுத்து ஒரே பாதையில்தான் நோயைத் தொட வேண்டும். வேறு கதவு வழியாகவும் போனால் முடிவு கவிழ்ந்துவிடும்.

இதில் நாம் எங்கே இருக்கிறோம்?

நான்காவது பொறிதான் நமக்குப் பெரியது. 2019-ல் வெளியான கணக்குப்படி, உலகளவில் இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 78 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஆசியர்கள் மொத்தமாக 10 சதவீதம்தான். யுகே பயோபேங்கில் சுமார் 5 லட்சம் பேரின் தகவல் இருக்கிறது, பெரும்பான்மை வெள்ளையர்கள்.

விளைவு என்ன? ஐரோப்பியர்களை வைத்துத் தயாரித்த மரபணு ஸ்கோரைத் தெற்காசியர்களுக்குப் போட்டால், துல்லியம் சராசரியாக 37 சதவீதம் குறைகிறது என்று 2019-ல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு 78 சதவீதம் குறைகிறது. பல குணங்களைச் சேர்க்கும்போது இந்தப் பிழைகளும் சேர்கின்றன. எஃப்டிஓவில் பார்த்தோமே, அங்கே சங்கிலியாக இருந்தது இங்கே முழுக்கச் சங்கிலியாக இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஜீனோம் இந்தியா திட்டம். 20 ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து, நாடு முழுக்கப் பல்வேறு சமூகங்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் முழு மரபுத்தொகுதியையும் படித்தன. அந்தத் தகவல் ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் வைக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது.

நல்ல தொடக்கம். ஆனால் 140 கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு 10,000 என்பது நம் மக்களிடம் என்னென்ன எழுத்து மாற்றங்கள் உண்டு என்று பட்டியல் போடப் போதும். எது எந்த நோயை எவ்வளவு மாற்றுகிறது என்று சொல்ல லட்சக்கணக்கானவர்கள் வேண்டும். அதுவும் வெறும் மரபணு போதாது. இடுப்பளவு, கல்லீரல் கொழுப்பு, இன்சுலின், கொழுப்பு வகைகள் என்று பல அளவீடுகளும், பல ஆண்டுத் தொடர் கண்காணிப்பும் வேண்டும்.

இந்தியாவுக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. பல நூற்றாண்டுகளாகச் சமூகத்துக்குள்ளேயே திருமணம் செய்ததால், உலகில் அரிதான சில மாறுபாடுகள் இங்கே ஒரு சமூகத்தில் சாதாரணமாக இருக்கும். ஆய்வுக்கு அது பெரிய வாய்ப்பு. அதே நேரம், சமூகங்களுக்கு இடையிலான உணவு, வருமான வித்தியாசத்தை மரபணு வித்தியாசம் என்று தப்பாகப் படிக்கும் ஆபத்தும் இங்கேதான் அதிகம்.

சரி, நான் இப்போ என்ன செய்யணும்?

ஆன்லைனில் எச்சில் மாதிரி அனுப்பினால் நோய் ஆபத்தைச் சொல்கிறோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ஸ்கோர் எந்த மக்களை வைத்துத் தயாரிக்கப்பட்டது, இந்தியர்களிடம் சோதித்தீர்களா?" தெளிவான பதில் இல்லையென்றால், அந்தப் பணத்தில் சர்க்கரை, கொழுப்பு டெஸ்ட் எடுப்பது புத்திசாலித்தனம்.

உங்கள் தகவல் யாரிடம் போகிறது என்பதும் முக்கியம். மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க அமெரிக்காவில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. மரபணுக் கோளாறு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி இன்சூரன்ஸ் மறுப்பது பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் கூறியது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒருவரின் மரபணுத் தகவல் அவருடையது மட்டுமல்ல, அண்ணன் தம்பி, பிள்ளைகளுடையதும்தான் என்பதை மறக்கக் கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. தையல் டேப் எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. எல்லை. பிஎம்ஐ எல்லையும் நமக்கு 25 அல்ல, 23. எடை மெஷின் சொல்லாததை டேப் சொல்லும்.

ரிப்போர்ட்டை வரி வரியாகப் படிக்காமல் சேர்த்துப் படியுங்கள். ட்ரைகிளிசரைடு அதிகம், எச்டிஎல் குறைவு, இடுப்பளவு எல்லையில், அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சுகர் என்றால், தனித்தனியாக எதுவும் சிவப்பில் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். ஒல்லியாக இருக்கிறோம் என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். மரபணுப் பாதை எதுவாக இருந்தாலும், சாப்பிட்டபின் நடப்பதும், தசையைக் கூட்டும் உடற்பயிற்சியும், நல்ல தூக்கமும் இன்சுலினுக்கு உதவுகின்றன. பாதைக்கு ஏற்ற மருந்து எது என்பதைச் சொல்லும் கணக்கு நம் மக்களின் தகவலுக்காகக் காத்திருக்கிறது. அது வரும்வரை டேப்பும் ரிப்போர்ட்டும் கையில் இருக்கின்றன.